சம்பந்தியும் நானும் ஒரு ஹெட் கேஸ்கெட்டும்

இந்த ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். மீதிப் பாதி, என்னிடம் கற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிப் போனவர்கள். கடைத்தெருவில் நடந்தால் யாராவது ஜன்னலை இறக்கி "வணக்கம் டீச்சர்" என்று குரல் கொடுப்பார்கள். நானும் தலையை லேசாக அசைத்து, கார் என்றால் எனக்கு எல்லாமே அத்துப்படி என்ற தோரணையில் நடந்துபோவேன். உண்மையில் பானெட்டைத் திறக்கும் கொக்கி எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தேகம்தான்.

இந்தத் தொழிலுக்கு நான் திட்டம் போட்டு வரவில்லை. டிரைவிங் ஸ்கூலில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் கோபித்துக்கொண்டு போய்விட்டார். வாசலில் மூன்று பேர் பாடத்துக்குக் காத்திருந்தார்கள். "உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குல்ல?" என்று முதலாளி கேட்டார். இருந்தது. மூன்று தடவை தோற்ற பிறகு வாங்கியது என்று அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை. பிற்பாடு அவர் ஓய்வெடுக்கப் போனபோது ஸ்கூலையும் அதன் ஒரே காரையும் நானே எடுத்துக்கொண்டேன். கார் அப்போதே பழசு. நானும் புதுசில்லை என்பதால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

அந்த வருஷம் காரின் சூடு காட்டும் முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற ஆரம்பித்தது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையும், ஊற்றுவேன். மறுபடி குறையும், மறுபடி ஊற்றுவேன். எங்கே போகிறது என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். தரையிலும் ஒழுகவில்லை, குழாயிலும் ஒழுகவில்லை. ஆவியாகிறது போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முள் ரொம்ப ஏறினால் மீட்டரின் கண்ணாடியை விரலால் நாலு தட்டுத் தட்டுவேன். சில சமயம் இறங்கும். இறங்கினால் என் கைராசி, இறங்காவிட்டால் மீட்டர் கெட்டுவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மாணவரிடம் மட்டும், "கண்ணு எப்பவும் மீட்டர் மேல இருக்கணும்" என்று பாடம் எடுக்கத் தவறமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தியம்மா என்னிடம் கார் கற்றுக்கொள்ள வந்தார்.

என் மகளை அவர் மகனுக்குக் கொடுத்திருக்கிறோம். பிள்ளைகள் வேறு ஊரில் இருக்கிறார்கள். நாங்கள் பெரியவர்கள் ஒரே ஊரில், ஆளுக்கொரு கோடியில் இருந்தோம். பார்த்தால் சிரிப்போம், உடம்பு சௌக்கியமா என்று கேட்போம், பழம் கொடுத்துக்கொள்வோம். அதற்கு மேல் பேச்சு போனதில்லை. அவர் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வளையாத முதுகு, அளந்த பேச்சு. அவரைப் பார்த்தாலே எனக்கு நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும்.

"சம்பந்தி, உங்களுக்குத் தொந்தரவு இல்லன்னா நான் ஓட்டக் கத்துக்கணும்" என்றார். "அவரை இனிமே வண்டி எடுக்கக் கூடாதுன்னு கண் டாக்டர் சொல்லிட்டார். மாசத்துக்கு ரெண்டு தடவை கிளினிக் போக வேண்டியிருக்கு."

சரி என்றேன். சம்பந்திக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது எப்படிப்பட்ட வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. மற்ற மாணவர்கள் என்றால் "பிரேக்கு" என்று ஒரே சொல்லில் கத்துவேன். இவரிடம் கத்த முடியுமா? "சம்பந்தி, உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, முன்னாடி ஒரு குப்பைத்தொட்டி வருது, கொஞ்சம் வேகத்தைக் குறைச்சீங்கன்னா..." என்று, என் பக்கமும் ஒரு பிரேக் இருப்பதையே மறந்து, நான் மரியாதையாக வாக்கியத்தை முடிப்பதற்குள் குப்பைத்தொட்டி சாய்ந்திருந்தது. அவர் இறங்கிப்போய் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, "மன்னிச்சுக்கணும்" என்றார். நானும் "அய்யோ, நான்தான் மன்னிப்புக் கேக்கணும்" என்றேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. நாங்கள் மாற்றி மாற்றி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஆனாலும் அவர் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். டெஸ்டுக்கு நாள் வாங்கியாகிவிட்டது. அதற்கு மூன்று வாரம் இருந்தபோது, நல்ல வெயிலில், தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து மேட்டில் ஏறிக்கொண்டிருந்தோம்.

"சம்பந்தி, பின்னாடி வெள்ளையாப் புகை வருது."

"குளிர்ல அப்படித்தான் வரும்" என்றேன்.

அவர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மேட்டின் உச்சியில், நாலு சாலை கூடும் இடத்தின் நட்டநடுவில், கார் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி கிளம்பியது. முள் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அது மீட்டரின் கடைசிக் கோட்டைத் தாண்டி, இனிமேல் எத்தனை தட்டினாலும் திரும்பமாட்டேன் என்பதுபோலச் சாய்ந்து கிடந்தது. பின்னால் ஒரு பஸ். அந்த பஸ்ஸின் டிரைவர் என் பழைய மாணவர். வேறு யாராவது இருந்திருக்கக் கூடாதா.

மெக்கானிக்கை எல்லோரும் ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள். காரைக் கட்டி இழுத்துக்கொண்டு அவர் பட்டறைக்குப் போனால், மனிதர் வலது கையில் மாவுக்கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் பல்பு மாற்றப் போய் ஸ்டூலிலிருந்து விழுந்திருக்கிறார். இடது கையால் ஆயில் மூடியைத் திருகி எடுத்து எங்களிடம் காட்டினார். மூடியின் உள்பக்கம் பால் அதிகமாய்ப்போன காபி மாதிரி நுரையாக ஒட்டியிருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துருக்கு, டீச்சர். ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு."

இன்ஜின் என்பது ஹெட் என்கிற மேல் பாதி, கீழ்ப் பாதி என்று இரண்டு துண்டாம். இரண்டுக்கும் நடுவில் கேஸ்கெட் என்று ஒரு மெல்லிய தகடு. தண்ணீரைத் தண்ணீர் வழியிலும், ஆயிலை ஆயில் வழியிலும், நெருப்பை அதன் சிலிண்டர் அறையிலும் வைத்திருப்பது அதுதானாம். அது எரிந்துவிட்டால் எல்லாம் எல்லாவற்றோடும் கலந்துவிடும். இத்தனை நாளாக நான் ஊற்றிய தண்ணீர் எங்கே போனது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"தொடர்ந்து சூடாகி இருக்குமே. முள்ளு காட்டியிருக்குமே" என்றார் ஸ்பானர்.

"மீட்டர் கொஞ்சம் தகராறு" என்றேன். சம்பந்தியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

கட்டுப் பிரிக்க இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார் ஸ்பானர். பைபாஸ் பக்கத்துப் பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டால், கார் எந்த வருஷத்து மாடல் என்று கேட்டு, பதில் சொன்னதும், "அதைப் போயா ரிப்பேர் பண்றீங்க மேடம்" என்று சிரித்தான் ஒருவன். ஒருவேளை அவன் சிரிக்காமல் இருந்திருந்தால் நான் வாயைக் கொடுத்து மாட்டியிருக்கமாட்டேன்.

"இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? கழட்டணும், தகட்டை மாத்தணும், திரும்ப மாட்டணும். நானே பண்ணிடுவேன்."

ஸ்பானர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அதையே சாக்காக வைத்துப் பின்வாங்கியிருப்பேன். "பண்ணுங்க. சந்தேகம்னா போன் பண்ணுங்க" என்றார். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவராவது தடுப்பார் என்று நினைத்தேன்.

"நானும் கூட வர்றேன்" என்றார் அவர்.

வீட்டுக்குப் பக்கவாட்டில் எங்களுக்கு ஒரு ஷெட் உண்டு. என் வீட்டுக்காரர் செருப்புக் கடை வைத்திருப்பவர். ஷெட் முழுக்கக் காலி அட்டைப் பெட்டிகள். அவற்றை ஒதுக்கி காரைத் தள்ளி நிறுத்தினோம். மறுநாள் காலை சம்பந்தியம்மா வந்தார். தலையில் தொப்பி, மேலே ஏப்ரன். வந்ததும் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார்.

"சம்பந்தி, வேலை முடிஞ்சப்புறம்தான் கழுவணும்" என்றேன்.

"பழக்கம்" என்றார்.

பழைய வெள்ளைத் துணியை விரித்து ஸ்பானர் கொடுத்தனுப்பிய கருவிகளை அளவு வாரியாக அடுக்கினார். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் எந்த இடத்திலிருந்து வந்தது என்று மறக்காமலிருக்க, செருப்புப் பெட்டி மூடியில் இன்ஜினின் படத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் ஓட்டை போட்டுச் செருகி வைத்தார். எனக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்காது. என் முறை, எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டுவிட்டுப் பிறகு கடவுளை நம்புவது.

நான் டாக்டர், அவர் நர்ஸ் என்று ஏற்பாடு. "பன்னெண்டு" என்று கையை நீட்டினால் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் என் உள்ளங்கையில் 'பட்' என்று வந்து விழும். எனக்கு அது போதையாகிவிட்டது. தேவையே இல்லாமல்கூடக் கையை நீட்டினேன். பேட்டரி, காற்று வடிகட்டி, குழாய்கள், பெல்ட் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து ஆரம்பித்து நடுவுக்கு வர வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும் என்று ஸ்பானர் போனில் சொன்னார். ஒரு போல்ட் மட்டும் மசியவே இல்லை. பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் என் முழு எடையையும் போட்டுத் தொங்கினேன். போல்ட் திடீரென்று விட்டுக்கொடுத்தது. நான் காலிப் பெட்டிகளுக்குள் போய் விழுந்தேன். என் வீட்டுக்காரர் அந்த நேரம் பார்த்துத்தான் டீயோடு வர வேண்டுமா?

"எந்த சைஸ் தேடுற?" என்றார் நிதானமாக.

சம்பந்தியம்மா சிரித்துவிட்டார். இத்தனை வருஷத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

ஹெட்டைத் தூக்கும்போது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கட்டிப்பிடித்துத் தூக்கினோம். அடியில் அந்தத் தகடு. இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில், விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்புப் பொத்தல். பெரிதாக ஏதோ வெடித்துச் சிதறிக் கிடக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். இவ்வளவுதானா என்றிருந்தது.

பழைய தகட்டின் பிசிறுகளைச் சுரண்டி எடுப்பது நாள் முழுக்கப் பிடித்தது. பரப்பில் கீறலும் விழக் கூடாது, துரும்பும் மிஞ்சக் கூடாது. கை வேலை செய்தால் வாய் சும்மா இருக்காது. சம்பந்தியம்மா குனிந்தபடியே சொன்னார்.

"அவர் என்கிட்ட ஒரு வாரமா பேசலை. சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சுட்டேன். அதான் கோபம்."

"கண்ணு தெரியலைன்னு அவருக்கே தெரியும்ல?"

"ஒத்துக்கமாட்டார். மாடிப்படியைக் காலால தடவித் தடவி இறங்குறார், ஏன்னு கேட்டா செருப்பு வழுக்குதுங்கிறார்." கொஞ்சநேரம் சுரண்டினார். "கல்யாணத்துல நீங்க என்கிட்ட ரெண்டு வார்த்தைகூடப் பேசலை. பெரிய இடத்துப் பொம்பளை, தலைக்கனம்னு நெனச்சேன்."

"நானா பெரிய இடம்? உங்களைப் பாத்துப் பயந்துதான் பேசலை."

"என்னைப் பாத்தா?"

"ஊசி போட்டுடுவீங்களோன்னு."

அவர் மறுபடி சிரித்தார். அதற்குப் பிறகு எங்களுக்குள் 'சிரமம் இல்லன்னா' என்ற பேச்சு போய்விட்டது. "அந்தக் கத்தியை எடுங்க" என்றால் எடுத்தோம்.

சூட்டில் ஹெட் கொஞ்சம் வளைந்திருந்தது. அதைக் கவிழ்த்து, எஃகு அளவுகோலை மேலே குறுக்காக வைத்து அடியில் மெல்லிய இரும்பு இழை நுழைகிறதா என்று பார்த்தோம், நுழைந்தது. லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பரப்பைச் சீவித் தட்டையாக்கி வாங்கிவந்தோம். மறுபடி தூசி போகாமலிருக்க, அதில் நாலு சிலிண்டருக்கும் காற்று நுழையும் நாலு வழிகளிலும் என் வீட்டுக்காரரின் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கிழித்துத் திணித்தோம்.

பூட்டும் நாள் வந்தது. ஸ்பானர் மதியம் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் வரும்போது இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நான் அதன் பக்கத்தில் கையைத் துடைத்தபடி அலட்சியமாக நிற்க வேண்டும். அந்தக் காட்சி என் மனதில் முழுசாகத் தயாராக இருந்தது. புதுத் தகட்டை மேல்பக்கம் மேலே இருக்கும்படி வைத்தோம். ஹெட்டை இறக்கினோம். புது போல்ட்டுகளை இந்தத் தடவை நடுவிலிருந்து ஆரம்பித்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கினோம். அதற்கென்று தனியாக ஒரு கருவி உண்டு, போதுமான இறுக்கம் வந்ததும் 'கிளிக்' என்று சத்தம் கொடுக்கும். ஒவ்வொரு கிளிக்குக்கும் நான் அரை அங்குலம் வளர்ந்தேன்.

காற்றுக் குழாயைப் பூட்டப்போகும்போது சம்பந்தியம்மா என் கையைப் பிடித்தார்.

"இருங்க. துணி நாலு உள்ள போச்சு. மூணுதான் வெளிய இருக்கு."

"எல்லாத்தையும் எடுத்துட்டேனே."

"மூடுறதுக்கு முன்னாடி எண்ணணும், சம்பந்தி. எண்ணிக்கை சரியா வரலைன்னா தைக்கவே விடமாட்டோம்."

"மூணுதான் வெச்சோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. இது என்ன ஆபரேஷன் தியேட்டரா?" என்றேன். டீச்சர் குரலில் சொன்னேன். அவர் கையை எடுத்துக்கொண்டார்.

பூட்டினேன். ஆயில் ஊற்றினோம், தண்ணீர் ஊற்றினோம். சாவியைத் திருப்பினேன். இன்ஜின் பிடித்தது. பிடித்துவிட்டு, ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்து, அடுக்கியிருந்த பெட்டிகள் ஒன்றொன்றாகச் சரிந்தன. நான் பெட்ரோலைக் குறை சொன்னேன். பேட்டரியைக் குறை சொன்னேன். லேத்காரரைக் குறை சொன்னேன். இனி குறை சொல்ல ஆள் மிச்சமில்லை என்றபோது ஸ்பானர் வந்து சேர்ந்தார்.

காதைச் சாய்த்துக் கேட்டார். "டைமிங் பெல்ட் ஒரு பல்லு தள்ளி விழுந்துருக்கு" என்றார் உறுதியாக. மூடியைக் கழற்றிப் பார்த்தோம். பெல்ட்டைக் கழற்றும் முன் சம்பந்தியம்மா நகப்பூச்சால் வைத்திருந்த அடையாளங்கள் நேருக்கு நேர் நின்றன. ஸ்பானர் தாடையைச் சொறிந்தார். "அப்போ பிளக்கா இருக்கும்" என்றார். பிளக்கும் இல்லை. "மூணு சிலிண்டர்தான் ஓடுது. நாலாவது ஏன் ஓடலைன்னுதான் புரியலை" என்று நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

'நாலாவது' என்ற சொல் எனக்குள் எங்கேயோ இடித்தது. யாரும் சொல்லாமலே பன்னிரண்டாம் நம்பரை எடுத்து, காற்றுக் குழாயைக் கழற்றினேன். நாலாவது வழியில், கசங்கி, கறுத்து, கட்டம்போட்ட துணி எட்டிப் பார்த்தது.

சம்பந்தியம்மா 'அப்பவே சொன்னேனே' என்று சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் அந்தத் துணியைக் குறட்டால் எடுத்து, மற்ற மூன்றின் பக்கத்தில் வைத்து, நீவிவிட்டார். "நாலு" என்றார். எனக்கு அசடு வழிந்தது. ஸ்பானர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டீயோடு வந்த என் வீட்டுக்காரர் மட்டும் துணியைக் கையில் எடுத்து, "இது என் நல்ல சட்டை" என்றார்.

மறுபடி பூட்டித் திருப்பினேன். இந்தத் தடவை நடுக்கமில்லை. பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. உள்ளே மிச்சமிருந்த தண்ணீர்தான் என்றார் ஸ்பானர். அவர் சொன்னதில் அது ஒன்றாவது சரியாக இருந்தது. கொஞ்சநேரத்தில் புகை நின்றது.

செய்தி தெருவில் பரவியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "டீச்சர், என் வண்டியிலயும் ஏதோ சத்தம், கொஞ்சம் பிரிச்சுப் பாக்குறீங்களா?" என்றார். நான் முதுகுவலி என்றேன். அது பொய்யுமில்லை.

சம்பந்தியம்மா டெஸ்டில் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணினார். டெஸ்ட் எடுத்த அதிகாரி இறங்கிவந்து, "நல்லாச் சொல்லிக்குடுத்திருக்கீங்க" என்று என்னிடம் சொன்னார். முகம் மாறாமல் நன்றி சொன்னேன். அந்தத் திறமை எனக்கு உண்டு.

அடுத்த வாரம் கிளினிக்குக்குப் போகும்போது என்னையும் கூட வரச் சொன்னார். அவர்களுடைய சொந்தக் கார். அவர் ஓட்ட, பக்கத்தில் சம்பந்தி ஐயா விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நான் அவருக்கு நேர் பின்னால், பின்சீட்டில். ஐயா இன்னும் அவரோடு சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. கடைத்தெரு தாண்டியும் ஒரு வார்த்தை வரவில்லை. பெரிய சிக்னலில் வண்டிகள் நின்றிருந்தன. சம்பந்தியம்மா நிறுத்தினார். கொஞ்சம் பொறுத்து ஐயா, நேரே பார்த்தபடி, மெதுவாகக் கேட்டார்.

"பச்சை விழுந்துடுச்சா?"

அவருக்கு அது தெரியவில்லை என்று அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. சம்பந்தியம்மா கியர் மேலிருந்த கையை எடுத்து அவர் கையின் மேல் ஒரு கணம் வைத்தார்.

"இன்னும் இல்ல. விழுந்ததும் சொல்றேன்."

விழுந்ததும் சொன்னார். அதன் பிறகு வழி நெடுக, எதிரே என்ன வருகிறது, யார் குறுக்கே போகிறார்கள், எந்தக் கடை புதிதாகத் திறந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே ஓட்டினார். ஐயா ஒன்றிரண்டு கேள்வி கேட்டார். அப்புறம் ஒரு இடத்தில் சிரிக்கவும் செய்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நல்லவேளையாக அப்போது ஒரு லாரி குறுக்கே வந்தது.

பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பின்சீட்டில் அது கிடையாது என்று என் காலுக்கு யார் சொல்வது? பலம் கொண்ட மட்டும் காலை முன்னால் நீட்டி மிதித்தேன். சம்பந்தியம்மா லாரிக்கு நிதானமாக வழிவிட்டுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, சீட்டை உதைக்காதீங்க" என்றார். "அவருக்கு முதுகு இடிக்குது."